பறக்காத விமானத்தின் நூறாண்டு

ரைட் சகோதரர்கள் முதல் விமானத்தைத் தரையிலிருந்து எழுப்பி ஏழெட்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பறக்கவே பறக்காத விமானம் ஒன்று பிரான்ஸில் வந்துவிட்டது. மூர்மெலோன் திடலில் ஆன்டுவானெட் நிறுவனம் தன் விமானத்தை ஓட்டப் பழகுகிறவர்களுக்காக அதை வைத்திருந்தது. நெடுக்கில் பிளந்த அரைப் பீப்பாய்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். மேலே மாணவர் இரண்டு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே நிற்கும் ஆட்கள் கழியைப் பிடித்துப் பீப்பாயை ஆட்டுவார்கள். முன்னால் இருக்கும் கம்பியை அடிவானத்தோடு ஒட்டவைத்துக் காட்ட வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

இன்று அந்தப் பீப்பாயின் வாரிசுகள் வீட்டு அறைகளில் இருக்கின்றன. மேசை விளிம்பில் திருகி இறுக்கிய யோக் என்ற கைச்சக்கரம், காலடியில் ரட்டர் பெடல், பக்கத்தில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், தலைக்குமேல் போயிங் 737இன் சுவிட்ச் பலகை, முகத்தில் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை முன்னதைவிடத் தெளிவான ஹெட்செட் வருகிறது. அதை ஓட்டப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டுக்கு ஏற்ற பவர் சப்ளை வேண்டும். "அடுத்து எதை மாற்றலாம்?" என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஓயாத கேள்வி. கடைக்காரர் பிக்சல் கணக்கில் பதில் சொல்வார். வரலாற்றைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் லிங்க் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்து விற்றது. மகன் எட்வின் லிங்க் 1920இல், பதினாறு வயதில், 50 டாலர் கட்டி முதல் விமானப் பாடத்துக்குப் போனார். ஆசிரியர் வானத்தில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டிவிட்டு இறக்கிவிட்டார். பையனின் கை ஒரு தடவைகூடக் கட்டுப்பாட்டுக் கோலில் படவில்லை. அன்றைய 50 டாலர் சின்னத் தொகை அல்ல. தரையிலேயே பழகிக்கொண்டு போனால் இந்தக் காசு மிச்சமாகுமே என்ற எண்ணம் அவரிடம் தங்கிவிட்டது.

அப்பாவின் தொழிற்கூடத்தில் அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடந்தது: துருத்தி, வால்வு, காற்றை உறிஞ்சும் பம்பு. குட்டை இறக்கை ஒட்டிய மரப்பெட்டி ஒன்றைத் துருத்திகளின்மேல் உட்கார வைத்தார். கோலை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு துருத்தி சுருங்கும், எதிர்ப்பக்கத்தது விரியும், பெட்டி சாயும். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விமானப் பள்ளிகள் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள்; காசு போட்டால் ஆடும் வேடிக்கை எந்திரமாக அது ஓடியது.

நிலைமையை மாற்றியது ஒரு தபால் விவகாரம். 1934 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, அந்த வேலையை ராணுவத்தின் தலையில் வைத்தது. கடுங்குளிர், மேகம், இரவு. நிலத்தைப் பார்த்து வழி பிடித்துப் பறந்தே பழகிய ராணுவ விமானிகள் சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்குமேல் செத்தார்கள். அப்போதுதான் லிங்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. நியூவார்க்கில் அவரைச் சந்திக்க அதிகாரிகள் காத்திருந்த நாளில் வானிலை மோசம். இந்த மூட்டத்தில் ஆள் எங்கே வரப்போகிறார் என்று அவர்கள் கிளம்ப இருந்த நேரத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து வந்து இறங்கினார் லிங்க். அதைவிட நல்ல விளம்பரம் தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் விலையில் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது.

நீலப் பெட்டி என்று பெயர் பெற்ற அந்தப் பயிற்சிப் பொறியில் காட்சி என்று எதுவுமே கிடையாது. மாணவர் உள்ளே உட்கார்ந்ததும் மேல்மூடியைச் சாத்திவிடுவார்கள். உள்ளே சில முட்கள், ஒரு கோல், காதில் ரேடியோ ஒலி. வானம், நிலம், ஓடுபாதை ஒன்றும் இல்லை. விமானிகளைக் கொன்றது மேகம். மேகத்துக்குள் போனால் உள்காது பொய் சொல்லும். நேராகப் பறப்பதாகத் தோன்றும்போது விமானம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு முள் சொல்வதை நம்பப் பழக வேண்டும். கண்ணைக் கட்டிப்போட்டதே பெட்டியின் பாடம்.

பெட்டிக்கு வெளியே இருந்த மேசையையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் அங்கே வரைபடத்தை விரித்து வைத்திருப்பார். அதன்மேல் மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று ஊர்ந்து போகும். நண்டு என்று அதற்குப் பட்டப்பெயர். மாணவர் உள்ளே செய்கிற ஒவ்வொரு திருப்பத்தையும் அது மைக்கோடாகத் தாளில் இழுத்துவிடும். ஆசிரியர் மைக்கில் பேசுவார், ரேடியோ வழிகாட்டி ஒலியை அனுப்புவார், காற்றின் திசையை மாற்றுவார். பயிற்சி முடிந்து மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரும் மாணவர், தான் போனதாக நினைத்த வழியையும் உண்மையில் போன வழியையும் ஒரே தாளில் பார்ப்பார். சமாளித்துப் பேச இடமில்லை. இரண்டாம் உலகப்போரின்போது 10,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. ஏறக்குறைய 5 லட்சம் விமானிகள் அவற்றில் பழகினார்கள்.

போருக்குப் பிறகு வந்த எந்திரமும், காட்சி இல்லாமலே பழகலாம் என்ற பாடத்தை வேறு வகையில் சொன்னது. 1948இல் கர்ட்டிஸ்-ரைட் நிறுவனம் பான் அம் விமான நிறுவனத்துக்கு போயிங் 377 ஸ்ட்ராட்டோகுரூசரின் சிமுலேட்டரைச் செய்து கொடுத்தது. காக்பிட் அச்சு அசலாக இருந்தது. ஒவ்வொரு சுவிட்சும் அதனதன் இடத்தில். ஆனால் பெட்டி ஆடாது, ஜன்னலில் எதுவும் தெரியாது. நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானத்தில் ஒரு எஞ்சின் தீப்பிடித்தால் யார் எந்தக் கைப்பிடியை எந்த வரிசையில் இழுப்பது என்பதே அங்கே பாடம். அதற்கு ஜன்னல் தேவையில்லை. வீட்டில் காக்பிட் கட்டுகிறவர்களின் உண்மையான முன்னோடி இதுதான்.

ஜன்னலுக்குக் காட்சி மெல்ல வந்தது. சுவரளவு பலகையில் வயலும் ஊரும் ஓடுபாதையும் பொம்மை அளவில் செய்து ஒட்டி, அதன்மேல் கேமராவை நகர்த்திய காலம் ஒன்று உண்டு. பிறகு கணினி வந்தது. 1970களில் எவன்ஸ் அண்ட் சதர்லேண்ட் நிறுவனத்தின் கணினிக் காட்சிகள் விமான நிறுவனங்களுக்குள் நுழைந்தபோது, அவை காட்டியது இரவு நேர விமான நிலையத்தை மட்டுமே. கறுப்புத் திரையில் ஒளிப்புள்ளிகள். அன்றைய கணினிக்கு அதற்குமேல் சக்தி இல்லை. ஆனால் இருட்டில் இறங்கும் விமானிக்கு நிஜத்திலும் தெரிவது ஒளிப்புள்ளிகள்தாமே. முடியாததை விட்டுவிட்டு முடிந்ததை ஒழுங்காகச் செய்ததால் அது எடுபட்டது. 1980இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கொண்டுவந்த திட்டம், அனுபவமுள்ள விமானி ஒரு புதுவகை விமானத்துக்கு மாறும் பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடிக்க வழி திறந்தது.

அதே ஆண்டுகளில் இந்தக் கலை வீட்டுக்குள்ளும் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விமானக் காட்சியைக் கணினியில் வரைவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆர்ட்விக், சில ஆண்டுகளில் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் எழுதினார். கோடுகளால் ஆன நிலம், தத்தித் தத்தி நகரும் படம். 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. விமானம் புறப்படும் இடம் சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட். பல லட்சம் பேர் முதன்முதலில் 'பறந்தது' அந்த ஓடுபாதையிலிருந்துதான். 2003 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, சிகாகோ மேயர் புல்டோசர் அனுப்பி நிஜ ஓடுபாதையைக் குதறிப்போட்டார். கணினியில் அது அதன் பிறகும் இருந்தது.

வீட்டுத் திரை கண்ணுக்கு ஒரு சின்ன ஜன்னல் கொடுத்தது. கைக்குக் கொடுத்தது விசைப்பலகை மட்டும். சக்கரத்தை இறக்க ஒரு எழுத்து, இறக்கை மடிப்பை நீட்ட இன்னொரு பொத்தான். வீட்டுக் காக்பிட் இந்தக் குறையிலிருந்து பிறந்தது. முதலில் ஜாய்ஸ்டிக், பிறகு யோக், பெடல். சிலர் ஒட்டுப்பலகையை அறுத்து முழுக் காக்பிட் கட்டினார்கள். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகைகளும் மோபிஃபிளைட் போன்ற இலவச மென்பொருளும் வந்தபின், சாலிடரிங் தெரிந்த யாரும் ஒரு சுவிட்சைக் கணினி விமானத்தோடு இணைக்கலாம் என்றாயிற்று. நுணுக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பழைய ஜாய்ஸ்டிக்குகளில் கார்பன் தடத்தின்மேல் உரசும் மின்தடை இருந்தது. தேயத் தேய விமானம் தானாக ஒரு பக்கம் இழுக்கும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரில் உரசலே இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை. இந்த ஒரு மாற்றம் கைக்குக் கொடுத்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

கண்ணின் கதை தனியாக ஓடியது. ஐவன் சதர்லேண்ட் 1968இல் காட்டிய தலைக்கவசக் காட்சிப் பொறி, கூரையிலிருந்து தொங்கும் இரும்புத் தண்டோடு இணைந்திருந்தது. 1980களில் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் தாமஸ் ஃபர்னஸ் போர்விமானிக்கான காட்சிக் கவசங்களில் வேலை செய்தார். கண் எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் கூர்மையாக வரையும் உத்தியை கனடாவின் சிஏஇ நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ராணுவக் கவசத்தில் செய்து பார்த்துவிட்டது. இன்று விலையுயர்ந்த ஹெட்செட்டுகளில் புதுமையாக விற்கப்படுவது அதே உத்திதான்.

2012இல் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட் பொதுமக்களிடமே 24 லட்சம் டாலர் திரட்டியது. விஆர் வீட்டுப் பொருளானது. அதன் முதல் மாதிரியில் இரு கண்ணுக்கும் சேர்த்து 1280×800 பிக்சல், அதாவது பத்து லட்சம். காக்பிட்டில் உட்காரலாம், ஆனால் மீட்டரில் எண் படிக்க முடியாது. 2020இல் வந்த எச்பி ரிவர்ப் ஜி2 கண்ணுக்கு 2160×2160 கொடுத்தது. மொத்தம் 93 லட்சம். பைமாக்ஸ் கிரிஸ்டலில் கண்ணுக்கு 2880×2880. மொத்தம் ஒரு கோடியே 66 லட்சம். நொடிக்கு 90 படம் என்றால் கணினி நொடிக்கு ஏறக்குறைய 149 கோடி பிக்சல் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லிநொடி. இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான வீட்டு ஹெட்செட்டுகள் மனிதக் கண்ணின் கூர்மையை எட்டவில்லை: நல்ல பார்வைக்கு ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் வேண்டும்; மெட்டா குவெஸ்ட் 3 கொடுப்பது 25 அளவில். இந்த ஓட்டம் இன்னும் பல ஆண்டுக்கு நிற்காது.

இங்கேதான் கையும் கண்ணும் மோதிக்கொள்கின்றன. ஆசையாகக் கட்டிய சுவிட்ச் பலகை ஹெட்செட்டை மாட்டியதும் மறைந்துவிடுகிறது. எதிரே தத்ரூபமான காக்பிட். ஆட்டோபைலட்டின் உயரக் குமிழ் நன்றாகத் தெரிகிறது. கையை நீட்டினால் விரல் மேசை விளிம்பில் முட்டுகிறது. நிஜக் குமிழ் நான்கு விரற்கிடை தள்ளி இருக்கிறது. தடவித் தடவிக் கண்டுபிடித்துத் திருகினால் வேகக் குமிழ் சுழல்கிறது. அதனால் விஆருக்கு மாறியவர்களில் பலர் பெரிய பலகைகளைக் கழற்றிவிட்டு, தொட்டாலே அடையாளம் தெரிகிற சில கட்டுப்பாடுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சக்கர நெம்புகோலின் நுனியில் சக்கரம்போல ஒரு வட்டு, மடிப்பு நெம்புகோலின் நுனியில் தட்டையான ஒரு துண்டு. நிஜ விமானங்களில் இந்த வடிவ வேறுபாடு பல பத்தாண்டு முன்பே வந்தது; பதற்றத்தில் விமானி ஒன்றுக்கு இன்னொன்றை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக.

அடுத்தது உடம்பு. கண் பறக்கிறது என்கிறது. காது நாற்காலியில் இருக்கிறாய் என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரட்டுகிறது. சிமுலேட்டர் நோய் என்று இதை அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் 1957லேயே பதிவு செய்தார்கள். படம் திக்கினால் இது கூடும். ஆகவே பிக்சலை ஏற்றிவிட்டுப் படவேகத்தைத் தவறவிடும் மேம்பாடு பின்னோக்கிய நடை. கொஞ்சம் மங்கலானாலும் தடையில்லாமல் ஓடும் காட்சி, பளிச்சென்று இருந்து திக்கும் காட்சியைவிட மேல்.

இன்னொரு வேறுபாடும் காலத்தால் தெரிந்தது. கைக்கு வாங்கும் பொருளும் கண்ணுக்கு வாங்கும் பொருளும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. 599 டாலருக்கு வந்த ரிவர்ப் ஜி2 விமானப் பிரியர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அடுத்த ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பில் அது இல்லவே இல்லை. கண்ணாடியில் கீறல் இல்லை, கம்பி அறுபடவில்லை. ஆனாலும் புது விண்டோஸ் ஏற்றியவர் மேசையில் அந்த ஹெட்செட் உயிரில்லாத பொருளானது. அதே மேசையில் பதினைந்து ஆண்டுப் பழைய ஜாய்ஸ்டிக்கைச் செருகினால் அது இன்றும் வேலை செய்கிறது. யோக்கும் பெடலும் சொத்து. ஹெட்செட் வாடகை வீடு. இந்தக் கணக்குத் தெரிந்து செலவு செய்கிறவர் ஏமாற மாட்டார்.

அதற்காக விஆரைத் தள்ளிவிடவும் முடியாது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, விஆரை அடிப்படையாகக் கொண்ட ஒரு பயிற்சிக் கருவிக்கு முதன்முறையாகச் சான்றளித்தது. ராபின்சன் ஆர்22 என்ற சின்ன ஹெலிகாப்டருக்காக சுவிட்சர்லாந்தின் விஆர்எம் நிறுவனம் செய்த கருவி அது. ஹெலிகாப்டர் விமானி ஓரிடத்தில் மிதக்கவும் மெல்ல இறங்கவும் காலுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் பார்த்தாக வேண்டும். தட்டைத் திரையில் அது நடவாது. தூரத்தை ஆழத்தோடு உணர்த்தும் விஆருக்கு அங்கே உண்மையான வேலை இருந்தது. அந்தக் கருவியில் ஹெட்செட் தனியாக வரவில்லை என்பதும் முக்கியம். நிஜ அளவுக் காக்பிட்டும் அசையும் மேடையும் இருந்தன. விமானியின் கையைக் கருவி பின்தொடர்ந்து காட்சிக்குள்ளும் காட்டியது. கண்ணும் கையும் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆக, வெற்றி பெற்ற ஒவ்வொரு சிமுலேட்டரும் எதையோ துணிந்து விட்டிருக்கிறது. நீலப் பெட்டி காட்சியை விட்டது. ஸ்ட்ராட்டோகுரூசர் பெட்டி அசைவையும் ஜன்னலையும் விட்டது. எவன்ஸ் அண்ட் சதர்லேண்ட் பகலை விட்டது. எதற்காகப் பழகுகிறோம் என்பது தெளிவாக இருந்ததால் எது தேவையில்லை என்பதும் தெளிவாக இருந்தது. வீட்டில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். எல்லாம் வேண்டும் என்று தொடங்குவதால் எது முதலில் என்பது தெரிவதில்லை. மேகத்துக்குள் கருவி பார்த்து இறங்கப் பழகுகிறவருக்கு சாதாரணத் திரையும் நல்ல யோக்கும் போதும்; அங்கே விஆர் ஆடம்பரம். போர்விமானத்தில் எதிரியைத் தோளுக்குப் பின்னால் தேடுகிறவருக்கும் ஹெலிகாப்டரைப் புல்தரையில் இறக்குகிறவருக்கும் விஆர்தான் முதல் செலவு. ஏர்பஸ் ஏ320இன் நடைமுறைகளை வரிசை பிசகாமல் செய்ய நினைப்பவர் பலகையில் காசு போடட்டும். மலைக்குமேல் சும்மா சுற்றிப் பார்ப்பதே ஆனந்தம் என்பவர் பிக்சலுக்கே கொடுக்கலாம். அதிலும் தவறில்லை, அது அவர் ஆனந்தம்.

எந்தக் கடையிலும் விற்காத ஒரு பாகம் மீதி இருக்கிறது. லிங்க் விற்றது பெட்டியை மட்டுமல்ல. பெட்டியும் மேசையும் சேர்ந்ததுதான் அவருடைய பொறி. அந்த மேசையில் இன்னொரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மாணவர் போன வழியைத் தாள் காட்டியது, அந்த மனிதர் தவற்றைச் சுட்டினார். வீட்டுக் காக்பிட்டில் பெட்டி வளர்ந்துகொண்டே போகிறது, மேசை காணாமல் போய்விட்டது. தவறாக இறங்கினாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் மறுபடி ஓடுபாதை முனையில் நிற்கும். இப்படி ஆயிரம் மணி நேரம் பறந்தால் ஆயிரம் மணி நேரத் தவறு கைப்பழக்கமாகிவிடும். நிஜ விமானப் பள்ளிகள் வீட்டுச் சிமுலேட்டர் நேரத்தைக் கணக்கில் எடுக்காததற்குக் கருவியின் தரம் பாதிக் காரணம். பார்த்துத் திருத்த ஆள் இல்லாதது மீதிப் பாதி.

மேசையைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டு, செலவும் அதிகமில்லை. 2001இல் தொடங்கிய வாட்சிம் வலைப்பின்னலில் தன்னார்வலர்கள் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து பறப்பவர்களோடு நிஜ நடைமுறைப்படி பேசுகிறார்கள். சேரக் கட்டணம் இல்லை. உயரத்தைத் தவறாகத் திருப்பிச் சொன்னால் மறுமுனையில் ஒருவர் உடனே திருத்துவார். பறந்த வழியைப் பதிவுசெய்து வரைபடத்தில் போட்டுக் காட்டும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. புது ஹெட்செட்டின் விலையில் ஒரு சிறு பங்குகூடத் தேவையில்லை. தேவைப்படுவது, தன் தவற்றை இன்னொருவர் பார்க்கச் சம்மதிக்கும் மனம். அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்கிறவர் அதில் தொடங்கட்டும். பிக்சல் அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகக் கிடைக்கும்.